பீஸ் கட்டை யார் பையில் இருக்கிறது?

வாடிப்பட்டிப் பக்கம் கிணற்று மோட்டார் பழுதானால், வருகிற மெக்கானிக் முதலில் கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டார். மோட்டார் ரூமுக்குப் போவார். மெயினை அணைப்பார். அதோடு விடமாட்டார். மூன்று பீஸ் (ஃப்யூஸ்) கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சட்டையைக் கழற்றிவிட்டு இறங்குகிற ஆள் என்றால் லுங்கி மடிப்பில் செருகிக்கொள்வார். சின்ன வயதில் எங்கள் தோட்டத்துக்கு வந்த பெரியவர் ஒருவரிடம், "மெயினைத்தான் அமத்தியாச்சே தாத்தா, இதை எதுக்குத் தூக்கிட்டு இறங்குறீங்க?" என்று கேட்டேன். "நான் உள்ள இருக்கேன்னு உனக்குத் தெரியும். உங்க அப்பத்தாவுக்குத் தெரியுமா? தண்ணி வரலையேன்னு வந்து சுவிட்சைப் போட்டுட்டா?" என்றார்.

பெரிய ஆலைகளில் இதற்கு லாக் அவுட், டேக் அவுட் என்று பெயர். இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்து, அந்த இடத்தில் பூட்டு போட்டு, 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை தொங்கவிட்டு, சாவியை வேலை செய்கிறவரே வைத்துக்கொள்வது. பெரியவரின் லுங்கி மடிப்பும் அதேதான். எந்தப் பாதுகாப்புப் பயிற்சியும் இல்லாமல் அவர் அதைக் கண்டுபிடித்ததற்குக் காரணம், கிணறும் மோட்டார் ரூமும் பத்தடி தூரத்தில் இருந்தன; இரண்டிலும் கை வைக்க அவருக்கு உரிமை இருந்தது.

ஆபத்தான ஒரு ஆலைக்குள் காண்ட்ராக்ட் ஆளாக ரிப்பேர் வேலைக்குப் போகிறவருக்கு இந்த வசதி இல்லை. அவர் கை இயந்திரத்துக்குள் இருக்கும். அதை ஓட்டுகிற சுவிட்ச் வேறொரு அறையில், வேறொரு நிறுவனத்தின் ஆளிடம் இருக்கும். அந்த அறைக்குள் போக இவருக்கு அனுமதி கிடையாது. ஒப்பந்தப் பராமரிப்புத் தொழிலாளர்கள் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று தேடப் போனால், ஹெல்மெட், கையுறை, கவனக்குறைவு எல்லாவற்றையும் தாண்டி, இந்த இடத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மதுரையைச் சுற்றி இந்த வேலை எங்கெல்லாம் நடக்கிறது என்று யாரும் பட்டியல் போட்டு வைப்பதில்லை. கப்பலூர், உறங்கான்பட்டி, கோ.புதூர் சிட்கோ தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. பாய்லர் வைத்த அரிசி ஆலைகள், அமோனியா வாயுவால் குளிரூட்டுகிற பால் பதனிடும் நிலையங்களும் குளிர்பதனக் கிடங்குகளும், கொஞ்சம் தெற்கே போனால் ராஜபாளையத்து நூற்பாலைகள், விருதுநகர் மாவட்டத்து சிமெண்ட் ஆலைகள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே ஏற்பாடுதான்: இயந்திரத்தை ஓட்டுகிறவர் கம்பெனி ஆள், கழற்றி மாட்டுகிறவர் காண்ட்ராக்ட் ஆள். தொட்டி சுத்தம் செய்வது, பாய்லர் குழாய் மாற்றுவது, வெல்டிங், பெயிண்டிங், கூரை ஷீட் மாற்றுவது, மோட்டார் தூக்குவது எல்லாம் வெளியாள் கணக்கு. மாநகராட்சியின் கழிவுநீர் உந்து நிலையங்களும் இந்த ஏற்பாட்டுக்கு விலக்கில்லை.

கணக்குப் பார்த்தால் இது தலைகீழான ஏற்பாடு. ஆலை ஓடும்போது வாயு குழாய்க்குள் இருக்கும், சுழலும் பாகங்களுக்கு மேல் மூடி இருக்கும். ரிப்பேரின்போதுதான் மூடியைக் கழற்றுகிறோம், குழாயைத் திறக்கிறோம், தொட்டிக்குள் ஆள் இறங்குகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணியிடப் பாதுகாப்பு முகமை 2010-11இல் பராமரிப்புப் பாதுகாப்புக்கென்றே ஒரு பிரச்சாரம் நடத்தியது. அங்கே நடக்கும் மொத்த விபத்துகளில் 15 முதல் 20 சதவீதமும், உயிர்ச்சேத விபத்துகளில் 10 முதல் 15 சதவீதமும் பராமரிப்பு வேலையோடு தொடர்புள்ளவை என்பது அவர்கள் சொன்ன கணக்கு. ஆலையில் ஆபத்து கூடிய நேரத்து வேலை, ஆலையைப் பற்றிக் குறைவாகத் தெரிந்தவரிடம் போகிறது.

நான் கொஞ்ச காலம் ஒரு பராமரிப்பு காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். சூப்பர்வைசர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆள் கணக்கு எழுதுவது, கேட் பாஸ் வாங்குவது, டீ சொல்வது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) பாய்லருக்கு உமி தள்ளுகிற ஸ்க்ரூ கன்வேயர் அடைத்துக்கொண்டது. உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, கையை விட்டு உமியை வாரிக்கொண்டிருந்தார். கன்வேயர் நின்றுதான் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. புதிதாக வந்த ஆப்பரேட்டருக்கு போர்டில் தெரிந்தது ஒன்றுதான்: கன்வேயர் நிற்கிறது, பாய்லரில் பிரஷர் இறங்குகிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அண்ணனுக்கு இரண்டு விரல் போனது. மறுநாள் அறிக்கையில் 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதப்பட்டது. அதை டைப் அடித்தவன் நான். என்ன எழுத வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பழைய அறிக்கையைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றினேன், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே அதுதான் இருந்தது.

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த சம்பவத்துக்கு வருவோம். 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகரில் மாநகராட்சியின் கழிவுநீர் உந்து நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். சாக்கடை அள்ளப் போனவர்கள் அல்ல. பழுதான மோட்டாரைச் சரிசெய்யப் போனவர்கள். ஒருவர் உள்ளே விழ, காப்பாற்றப் போன மற்ற இருவரும் திரும்பவில்லை. 'மலக்குழி மரணம்' என்று செய்தி வந்தது, தவறில்லை. ஆனால் வேலையின் தன்மையைப் பார்த்தால் அது ஒரு பராமரிப்பு விபத்து. இந்த வித்தியாசம் முக்கியம். 'பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய மனிதனை இறக்காதே' என்று, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்கிற 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்ட காண்ட்ராக்டர் என்ன நினைக்கிறார்? 'நாங்கள் சுத்தம் செய்ய இறக்கவில்லையே, மோட்டார்தானே பார்க்கிறோம்' என்று நினைக்கிறார். வாயுவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அந்த வாயுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேங்கிய கழிவுநீரில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. அழுகிய முட்டை நாற்றம். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், அதனால் 'நாற்றம் வந்தால் ஏறிவிடலாம்' என்று ஒரு நம்பிக்கை. உண்மை வேறு. காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவைத் தொட்டால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதே என்று ஆள் நிம்மதியாக இன்னும் இரண்டு படி இறங்குவார். ஐந்நூறுக்கு மேல் போனால் மயக்கம், ஆயிரத்தைத் தொட்டால் ஓரிரு மூச்சிலேயே சரிந்து விழுவார். காற்றைவிடக் கொஞ்சம் கனமானது என்பதால் அடியில் தங்கும். சேற்றைக் கலக்காதவரை அடங்கியிருந்து, மோட்டாரை அசைத்ததும் குபீரென்று மேலே வரும். அதனால்தான் 'காலையில் இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை' என்கிற அனுபவம் இந்த வேலையில் உதவாது.

மீத்தேன் ஒரு பக்கம், ஆக்சிஜன் குறைவு இன்னொரு பக்கம். நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. மூக்காலோ, தீக்குச்சி கொளுத்தியோ இதைக் கண்டுபிடிக்க முடியாது (மீத்தேன் இருக்கிற இடத்தில் தீக்குச்சி என்பது தற்கொலை). கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி அளக்கிற கேஸ் மீட்டர் வேண்டும். சில பத்தாயிரங்களில் கிடைக்கிற, உள்ளங்கை அளவுப் பொருள். அமெரிக்காவின் பணியிட ஆரோக்கிய ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986இல் ஒரு விஷயத்தைப் பதிவு செய்தது: இம்மாதிரி மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்கள். நேரு நகரில் நடந்தது அதே கதைதான். கூட வேலை பார்க்கிறவர் கண் முன்னால் சரியும்போது 'நில், யோசி' என்று சொன்னால் நம் ஆட்கள் நிற்க மாட்டார்கள், மச்சானோ பங்காளியோ ஆயிற்றே. குழிக்கு மேல் நிறுத்தி ஆளைத் தூக்குகிற முக்காலியும் கைச்சக்கரமும் கயிறும் மேலே தயாராக இருந்தால்தான், குதிக்காமலே காப்பாற்ற ஒரு வழி இருக்கும்.

சட்டம் இதையெல்லாம் சொல்லவில்லையா? சொல்கிறது, அதுவும் வெகு காலமாக. 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டம் வரும்வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். தொட்டி, குழி, குழாய் போன்ற இடத்தில் ஆபத்தான வாயு இருக்க வாய்ப்பிருந்தால், தகுதியுள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். அது இல்லையென்றால், மூச்சுக்கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் போட்டுத்தான் இறங்க வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனை வெளியே நிற்கிற ஒருவர் கையில் இருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகிற விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்று 36ஏ சொன்னது. எரியக்கூடிய பொருள் இருந்த டேங்கை, அதன் மிச்சத்தையும் ஆவியையும் போக்காமல் வெல்டிங் வைக்கக் கூடாது என்றது 37ஆவது பிரிவு.

சரி, இதெல்லாம் கம்பெனி ஆட்களுக்கு மட்டுமா? இல்லை. 1976 திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தில் 'தொழிலாளி' என்ற சொல்லின் வரையறையே, காண்ட்ராக்டர் உட்பட எந்த ஏஜென்சி வழியாக வந்தவரையும் சேர்த்துக்கொண்டது. அதுவும் முதன்மை முதலாளிக்கு, அதாவது வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்ட ஆலைக்கு, தெரிந்து வந்தாலும் சரி, தெரியாமல் வந்தாலும் சரி. இந்த 'தெரியாமல்' என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மேஸ்திரி திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பிடித்து வந்த ஆள்கூட, கேட்டுக்குள் வந்துவிட்டால் அந்தச் சட்டத்தின் கண்ணில் அந்த ஆலையின் தொழிலாளியாகத்தான் இருந்தார். போபால் விபத்துக்குப் பிறகு 1987இல் கொண்டுவந்த 7ஏ பிரிவு, ஆலையில் வேலை செய்கிற எல்லாத் தொழிலாளர்களின் பாதுகாப்பையும் ஆலையை நடத்துபவரின் பொதுக் கடமை ஆக்கியது.

அப்படியென்றால் ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்குமே, 'ஏதாவது நடந்தால் முழுப் பொறுப்பும் ஒப்பந்தக்காரரையே சாரும்' என்று? நானும் அப்படிப் பல பத்திரத்தில் பார்த்திருக்கிறேன். அது அந்த இரண்டு பேருக்கும் இடையிலான பணக் கணக்கு, அவ்வளவுதான். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, காண்ட்ராக்ட் தொழிலாளியின் குடும்பம் நேராக முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்க முடிந்தது. அவர் கொடுத்துவிட்டு, பிறகு காண்ட்ராக்டரிடம் வசூல் பண்ணிக்கொள்ளட்டும். இந்த விஷயம் தெரியாமல், காண்ட்ராக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டு வந்த குடும்பங்கள் உண்டு. கழிவுநீர் மரணங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்று நிர்ணயித்த தொகையை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது.

ஓட்டை எங்கே என்றால், எண்ணிக்கையில். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் வரையறைப்படி கழிவுநீரைப் பம்ப் செய்வதும் ஓர் 'உற்பத்திச் செயல்முறை'யாகத்தான் இருந்தது. சட்டத்திலேயே அப்படி எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் மின்சாரம் பயன்படுத்துகிற இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கணக்கில் வந்தது. உந்து நிலையத்தில் ஷிப்டுக்கு ஓர் ஆள், இரண்டு ஆள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்த முன்பு இருபது பேர் போதும், இப்போது ஐம்பது. அதே சட்டம், விதிமீறலால் உயிர் போனால் குறைந்தபட்ச அபராதத்தைப் பழைய 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. அதில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். நல்ல விஷயம். ஆனால் அபராதம் கூடிய அதே நேரத்தில் வலையின் கண்ணும் பெரிதாகிவிட்டது. பராமரிப்பு காண்ட்ராக்டர்களில் எத்தனை பேரிடம் ஐம்பது ஆள் இருக்கிறார்கள்? எங்கள் முதலாளியிடம் தீபாவளிக்கு முன்னால் ஆலைகளை நிறுத்திப் பராமரிக்கிற ஷட்டவுன் சீசனில்கூட முப்பதைத் தாண்டியதில்லை.

இனி பணம். பாதுகாப்பு எங்கே கரைகிறது என்று பார்க்க, ஒரு வேலை கைமாறுகிற வழியைப் பின்தொடர்ந்தால் போதும். டெண்டரில் ரேட் குறைவாகச் சொன்னவருக்கு வேலை. அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு சப் காண்ட்ராக்டருக்குத் தள்ளுகிறார். அவர் மேஸ்திரிக்கு. மேஸ்திரி தலைக்கு இவ்வளவு என்று ஆள் கொண்டுவருகிறார், உள்ளூர் ஆள் கிடைக்கவில்லையென்றால் பீகார், ஒடிசா பையன்கள். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் குறைகிறது. கூலியை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது, ஆள் வராது. கிரேன் வாடகையைக் குறைக்க முடியாது. குறைக்க முடிகிற செலவு எது? கேஸ் மீட்டர், மூச்சுக்கருவி, அப்புறம் வெளியே நிற்கிற ஆள். "சும்மா நிக்கிறவனுக்கு எதுக்குப்பா சம்பளம்?" என்று எங்கள் முதலாளி என்னிடமே கேட்டிருக்கிறார். 36ஆவது பிரிவு கயிற்றின் மறுமுனையைக் கொடுத்திருந்தது அந்தச் 'சும்மா நிற்கிற' ஆளிடம்தான். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு கதை.

கைமாறக் கைமாறப் பணத்தோடு சேர்ந்து தகவலும் கரைகிறது. 'அந்த டேங்கில் போன மாதம் தீப்பிடிக்கிற கரைப்பான் வைத்திருந்தோம்' என்பது ஆலையின் ஸ்டோர் கீப்பருக்குத் தெரியும். சேஃப்டி ஆபீசருக்கு ஒருவேளை தெரியும். முதல் காண்ட்ராக்டரிடம் அது ஆங்கிலத்தில் பத்துப் பக்கத் தாளாகப் போகும். மேஸ்திரியிடம் வரும்போது 'ஒரு டேங்க் கழுவணும்' என்று ஆகியிருக்கும். வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற பையனுக்கு அதுவும் வந்து சேராது. பட்டாசுத் தொழிலில் இதையே உள்குத்தகை என்கிறார்கள். 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 38 பேர் இறந்ததும், 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபது பேருக்குமேல் இறந்ததும் உள்குத்தகைக்கு விடப்பட்ட ஆலைகளில். அவை உற்பத்தி விபத்துகள், நம் விஷயம் பராமரிப்பு. இருந்தாலும் உரிமம் ஒருவர் பெயரில், உயிர் இன்னொருவருடையது என்கிற கணக்கு ஒன்றேதான்.

ஆள் மாறினால் தகவல் அறுந்துபோவது நம் ஊர் நோய் மட்டும் அல்ல. 1988 ஜூலை 6 அன்று ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை எரிந்தது. 167 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். கழற்றியதும் ஒரு காண்ட்ராக்ட் குழுதான். வேலை முடியவில்லை. திறந்த குழாய் வாயில் ஒரு தகடு வைத்துத் தற்காலிகமாக மூடிவிட்டுப் போனார்கள். அந்த வால்வுக்கு ஒரு பெர்மிட் (இன்ன வேலையைச் செய்யலாம் என்று எழுத்தில் தருகிற அனுமதி), பம்பின் பராமரிப்புக்கு இன்னொரு பெர்மிட், இரண்டும் தனித்தனித் தாள். இரவு ஷிப்டில் மற்றொரு பம்ப் நின்றுபோகவே, ஆப்பரேட்டர்கள் இதை ஓட்டலாமா என்று பார்த்தார்கள். பம்பின் தாள் கண்ணில் பட்டது, இன்னும் கை வைக்கவில்லை, ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். வால்வின் தாள் அவர்கள் கைக்கு வரவே இல்லை. தகடு வழியாக வாயு கசிந்தது.

படித்துவிட்டு நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அங்கே ஹெலிகாப்டரில் வேலைக்குப் போகிற ஊரிலும், இங்கே ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகிற ஊரிலும், ஷிப்ட் மாறி வந்த ஆப்பரேட்டருக்கு உள்ளே ஆள் இருப்பதோ வேலை பாதியில் நிற்பதோ தெரியவில்லை. அந்த விபத்தை விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990இல் 106 பரிந்துரைகளோடு வந்தது.

பைப்பர் ஆல்ஃபாவுக்கு அடுத்த ஆண்டு, 1989 அக்டோபரில், அமெரிக்காவின் டெக்சாஸில் பாசடீனா என்ற ஊரில் பிளாஸ்டிக் தயாரிக்கிற ஆலை வெடித்து 23 பேர் இறந்தார்கள். அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தது ஒரு பராமரிப்பு காண்ட்ராக்டரின் குழு. அதற்குப் பிறகு 1992இல் அங்கே வந்த ரசாயன ஆலைப் பாதுகாப்பு விதியில் காண்ட்ராக்டர்களுக்கென்றே ஒரு பகுதி சேர்ந்தது. அதில் மூன்று விஷயம் எனக்குப் பிடிக்கும். காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்கும்போதே அவருடைய விபத்து வரலாற்றை ஆலை பார்க்க வேண்டும். வேலை இடத்தில் தெரிந்த ஆபத்துகளை ஆலையே அவருக்குச் சொல்ல வேண்டும். காண்ட்ராக்ட் ஆளுக்கு அடிபட்டாலும் அந்தப் பதிவேட்டை ஆலை வைத்திருக்க வேண்டும். கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். எங்கள் உசிலம்பட்டி அண்ணனின் இரண்டு விரல் அந்த ஆலையின் பலகையில் ஏறவே இல்லை. மறுநாளும் கேட்டுக்குப் பக்கத்தில் 'விபத்தில்லா நாட்கள்' எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது. எண்ணாத விபத்தை யார் தடுப்பார்கள்?

நம் நாட்டிலும் எண்ணெய் நிறுவனங்களுக்கு ஓ.ஐ.எஸ்.டி. என்ற அமைப்பு வகுத்த பெர்மிட் முறை இருக்கிறது, காண்ட்ராக்டர் பாதுகாப்புக்குத் தனி வழிகாட்டியும் உண்டு. பெரிய எரிவாயு, பெட்ரோல் நிலையங்களில் அவை ஓரளவு ஒழுங்காக நடக்கின்றன என்பதை நானே பார்த்திருக்கிறேன். நம் பக்கத்து மின்வாரியத்து லைன்மேன்களிடமும் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கம்பத்தில் ஏறுமுன் கேட்கிற முதல் கேள்வி, "எல்.சி. வாங்கியாச்சா?" லைன் கிளியர், அதாவது லைனில் சப்ளையை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்கிற அனுமதி. அதன் அழகு என்னவென்றால், வாங்கியவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் வந்து 'என் ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்' என்று சொல்லாமல் லைனில் சப்ளை விடக் கூடாது. கிணற்றுப் பெரியவரின் பீஸ் கட்டை, தாள் வடிவத்தில். அந்த முறை சறுக்குவதும் நமக்குத் தெரிந்த இடத்தில்தான்: எல்.சி. வாரிய ஊழியர் பெயரில் இருக்கும், மேலே ஏறுவது காண்ட்ராக்ட் கூலி.

அப்படியானால் என்ன செய்யலாம்? நான் பார்த்தவரை பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். முதலில், பாதுகாப்புச் செலவை ரேட் போட்டியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். டெண்டரில் கேஸ் மீட்டர், மூச்சுக்கருவி, முக்காலி, வெளியே நிற்கிற ஆளின் கூலி ஆகியவற்றை ஆலையே ஒரு தொகை நிர்ணயித்துத் தனி வரியாகப் போடட்டும். யார் ஜெயித்தாலும் அந்த வரி மாறாது. அதைவிட நல்லது, மீட்டரையும் முக்காலியையும் ஆலையோ மாநகராட்சியோ தானே வாங்கி வைத்து, இறங்குகிற அன்றைக்குத் தன் ஆளை அனுப்பி அளந்து கொடுப்பது. தொட்டி அவர்களுடையது, அதில் என்ன இருக்கிறது என்று அளக்க வேண்டியதும் அவர்கள்தானே.

பெர்மிட் விஷயத்தில் என் கோபம் மொழியின் மேல். ஆங்கிலத்தில் நாற்பது கட்டம், எல்லாவற்றிலும் டிக், அடியில் கையெழுத்து. ஆபீஸ் மேசையிலேயே முடிந்துவிடும். தமிழில் ஒரு பக்கம் போதும், இந்தி பேசுகிற பையன்களுக்கு இந்தியில் ஒரு பக்கம். கையெழுத்து வேலை நடக்கிற இடத்தில், ஆப்பரேட்டரும் வேலை செய்கிறவரும் நேருக்கு நேர் நின்று போட வேண்டும். ஷிப்ட் மாறினால் அந்தத் தாள் செத்துவிட வேண்டும். புதிய ஆப்பரேட்டர் நடந்து வந்து, உள்ளே இருக்கிறவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் புதுத் தாள் போடட்டும். பத்து நிமிடம் ஆகும். அன்றைக்கு அந்தப் பத்து நிமிடம் இருந்திருந்தால், அண்ணன் இன்றைக்கும் பத்து விரலோடு சோற்றைப் பிசைவார்.

ஹெல்மெட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லையே என்று தோன்றலாம். ஹெல்மெட் வேண்டும்தான். ஆனால் ஆண்டுதோறும் மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தன்று சட்டையில் பேட்ஜ் குத்தி, உறுதிமொழி எடுத்து, ஹெல்மெட் வழங்கும் படம் பத்திரிகைக்குப் போகிறது. ஹைட்ரஜன் சல்பைடை ஹெல்மெட் தடுக்காது. கன்வேயரையும் நிறுத்தாது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு, அதை எந்த டெண்டரிலும் நான் பார்த்ததில்லை. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 41எச் பிரிவு, ஆபத்தான செயல்முறை உள்ள ஆலைகளில், உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரத் தொழிலாளிக்கு உரிமை தந்தது. நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும், ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. கம்பெனி ஆள் இதைச் சொல்லலாம், பின்னால் சங்கம் இருக்கும். தினக்கூலிக்கு வந்தவர் 'உள்ளே வாடை அடிக்கிறது, இறங்க மாட்டேன்' என்றால் என்ன நடக்கும்? யாரும் திட்டக்கூட மாட்டார்கள். மேஸ்திரி, "சரி, நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை இறக்குவார். நாளைக்குக் காலையில் வேன் அவர் தெருவில் நிற்காது. அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்: ஆபத்து என்று வேலை நின்றால், நின்ற நேரத்துக்கும் எல்லாருக்கும் முழுக் கூலி, அதை ஆலை கொடுக்கும். கூலி போகாது என்று தெரிந்தால்தான் வாய் திறக்கும். ஒருவர் பொய் சொல்லி உட்கார்ந்துகொள்வார் என்று முதலாளிகள் பயப்படுவார்கள். உட்காரட்டுமே, ஒரு நாள் கூலிதான் நஷ்டம்.

எங்கள் முதலாளி இதில் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் சம்மதித்தார், அதுவும் நாங்கள் இரண்டு மூன்று பேர் நச்சரித்த பிறகு. மாரட் வீதிக் கடை ஒன்றில் ஒரு டஜன் பூட்டு வாங்கி, எல்லாவற்றுக்கும் சிவப்பு பெயிண்ட் அடித்து, ஒவ்வொன்றிலும் வெள்ளையில் ஆள் பெயரைத் தமிழில் எழுதினோம். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. கூட வந்த மாற்றுச் சாவியை உடைத்துப் போட்டோம். ஆலையின் எலக்ட்ரிகல் ஃபோர்மேன் முதலில் துள்ளினார். "எங்க பேனல்ல உங்க பூட்டா? ராத்திரி அவசரத்துக்கு ஓட்டணும்னா உங்க ஆளை எங்க போய்த் தேடுறது?" என்றார். "அதுக்குத்தான் சார் பூட்டு" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறு பூட்டு மாட்டுகிற மாதிரி ஓட்டை போட்ட கொக்கி ஒன்றை அவரே வெட்டிக் கொடுத்தார்.

உசிலம்பட்டி அண்ணன் கை ஆறியபின் திரும்ப வேலைக்கு வந்தார். வேறு எங்கே போவார்? முதல் நாள் அதே கன்வேயர். பூட்டை மாட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டார்ட் பட்டனை அவரே இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். ஓடவில்லை. "சாவி பத்திரம்ணே" என்றேன். சட்டையைத் தூக்கிக் காட்டினார். அரைஞாண் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்.